சுவரைப் பார்த்த கண்ணாடி: ஒரு கேபினெட் மாற்றிய கதை

“மாமா, கம்ப்யூட்டர் ஹேர் டிரையர் மாதிரி கத்துது. ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்று அக்கா மகன் போன் செய்தது மே மாதம் இரண்டாவது வாரம். அக்னி நட்சத்திர வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் கத்தாத ஃபேன் எதுடா என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் அக்காவே பேசினாள். “தம்பி, அது பக்கத்துல உட்கார முடியல. அடுப்படி மாதிரி இருக்கு.” அக்கா சொன்ன பிறகு தட்ட முடியாது. ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், இஞ்ச் டேப், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பெரம்பூரிலிருந்து கொளத்தூருக்கு வண்டியை விட்டேன்.

அந்த மெஷின் நான் சேர்த்துக் கொடுத்ததுதான். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் என் தேர்வு. இவை எல்லாம் உட்காரும் வெளிப்பெட்டியான கேபினெட் மட்டும் பையனுடையது. ஆன்லைன் ஆஃபரில் 3,600 ரூபாய்க்கு அவனே பிடித்தது. முன்பக்கம் முழுக்க கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டிலும் கண்ணாடி, உள்ளே வானவில் அடிக்கும் நாலு ஃபேன். அன்றைக்கு நானும் டப்பாதானே, எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். எங்கள் காலத்து புத்தி அது. 2003இல் நான் முதன்முதலாக ஒரு பென்டியம் 4 சேர்த்தபோது கேபினெட் வாங்கினால் எஸ்.எம்.பி.எஸ். அதோடு ஓசியில் வரும். பழுப்பு வெள்ளை நிறம், முன்னால் ஒரு சிடி டிரைவ், பின்னால் ஒரு ஓட்டை. அதில் ஃபேன் இருந்தால் பணக்கார வீடு. கேபினெட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது, கடைக்காரர் எதைத் தூக்கித் தருகிறாரோ அதுதான்.

போனதும் கண்ணில் பட்ட முதல் விஷயம் சூடு இல்லை. கேபினெட் மானிட்டருக்கு இடது பக்கம் இருந்தது. பிளக் பாயின்ட் அந்தப் பக்கம் என்பதால் அங்கே வைத்திருந்தான். வழக்கமான கேபினெட்டில் கண்ணாடி இருப்பது, முன்னால் நின்று பார்த்தால், இடது பக்கம். ஆக, மேசையின் இடது ஓரத்தில் வைத்த கேபினெட்டின் பக்கக் கண்ணாடி வெளிச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது வெறும் தகரப் பக்கம். ஒரு வருஷமாக அத்தனை வண்ண விளக்கையும் பார்த்து ரசித்தது அக்கா வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்தான்.

“இது தெரிஞ்சேதான் வெச்சியா?”

“முன்னாடி கண்ணாடி இருக்கே மாமா, அதுல தெரியுது இல்ல” என்றான்.

அந்த முன்பக்கக் கண்ணாடியில்தான் விவகாரமே. அறையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்தேன், 33 டிகிரி. அவன் வழக்கமாக ஆடும் கேமை அரைமணி நேரம் ஓட விட்டு சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் கிராஃபிக்ஸ் கார்டு 84, பிராசஸர் 86. கார்டின் ஃபேன் கிட்டத்தட்ட முழு வேகம். கேமை நிறுத்தாமலே முன்பக்கக் கண்ணாடியை மட்டும் பிடுங்கினேன். நாலு மூலையிலும் பிளாஸ்டிக் குமிழ், ‘டக்’கென்று வந்துவிட்டது. இருபது நிமிஷம் கழித்து கார்டு 75, பிராசஸர் 77. ஒரு பைசா செலவில்லாமல் 9 டிகிரி.

பையன் நம்பவில்லை. திரும்ப மாட்டச் சொன்னான். மாட்டினேன். பத்து நிமிஷத்தில் மறுபடி 80ஐத் தாண்டியது.

காரணத்தை இஞ்ச் டேப் சொன்னது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு இடுக்கு விட்டிருக்கிறார்கள், காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இடுக்கு 8 மி.மீ. அகலம், 400 மி.மீ. உயரம். பக்கத்துக்கு 3,200 சதுர மி.மீ., இரண்டும் சேர்ந்து 6,400. 120 மி.மீ. ஃபேனில் நடுவே இருக்கும் மோட்டார் குமிழைக் கழித்துவிட்டால் காற்று போகிற வட்டம் ஏறத்தாழ 10,000 சதுர மி.மீ. முன்னால் இருப்பது மூன்று ஃபேன். அதாவது முக்கால் ஃபேனுக்குக்கூட வழியில்லாத இடத்தில் மூன்றை உட்கார வைத்து லைட் போட்டிருக்கிறார்கள். அந்தக் கார்டு 170 வாட் இழுக்கும், பிராசஸர் 76 வரை போகும். வெந்நீர் போடும் ராடு 1,000 வாட் என்றால் அதில் கால்வாசி, கேம் ஓடுகிற நேரமெல்லாம் ஒரு மூடிய பெட்டிக்குள். வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் ‘பரவாயில்லை, 72தான்’ என்று சொல்வார்கள். அவர்கள் அறை 21, 22 டிகிரி. காற்றோட்டம் அதேதான் என்றால் அறைச் சூட்டுக்கும் கார்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக மாறாது. நம் ஊர் மே மாதத்துக்கு அந்த எண்ணோடு பதினொன்றோ பன்னிரண்டோ கூட்டிக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

திறந்தது திறந்தாச்சு, முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்தேன். ஃபேன்கள் நாலும் ஒன்றோடு ஒன்று கோத்து, மோலெக்ஸ் கனெக்டரில் நேராக எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சொருகியவை. வேகம் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, போட்டால் முழு வேகம். முன்னால் ஃபில்டர் என்று எதுவும் இல்லை. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி தூசி. பின்பக்கம் கார்டு ஸ்லாட்டுகளில் தகர மூடி உடைத்து எடுக்கும் ரகம். ஒருமுறை உடைத்தால் திரும்ப மாட்ட முடியாது, உடைக்கும்போது விரலையும் கிழிக்கும். பையன் கார்டு மாட்டும் அவசரத்தில் ஒன்று அதிகமாக உடைத்திருக்கிறான். அந்த ஓட்டைக்கு நேர் கீழே, எஸ்.எம்.பி.எஸ். மூடியின் மேல், சுண்டு விரல் நகம் அளவில் இரண்டு வெள்ளை உருண்டை. பல்லி முட்டை. கதகதப்பான இடம், யாரும் தொந்தரவு செய்வதில்லை, அதற்கு வேறென்ன வேண்டும். கார்டின் மேல் விழாமல் போனதே என்று எடுத்துத் துளசித் தொட்டியில் போட்டேன்.

அன்றைக்கே கையில் இருந்ததை வைத்து ஒரு வைத்தியம் பார்த்தோம். மொட்டை மாடியில் கிடந்த பழைய ஃபிரிட்ஜின் கதவு ரப்பருக்குள் நீளமாகக் காந்தப் பட்டை இருக்கும். அதை உருவி நாலு துண்டாக்கினேன். நைலான் கொசுவலையில் ஒரு செவ்வகம் வெட்டி, ஓரத்தை அந்தக் காந்தத்தின் மேல் மடித்து ஒட்டினேன். கண்ணாடி இருந்த இடத்தில் வைத்ததும் தகரச் சட்டத்தை ‘சடக்’கென்று பிடித்துக்கொண்டது. வலை கொஞ்சம் காற்றைத் தடுக்கத்தான் செய்யும், ஆனாலும் கார்டு 77இல் நின்றது. எனக்கு மகா திருப்தி. என்னைக் கேட்டால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஒரு வாரத்தில் போன். “மாமா, கோழிக்கூண்டு மாதிரி இருக்குன்னு பசங்க கலாய்க்கறாங்க.” எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் இடத்தில் நின்று யோசித்தால் நியாயம்தான். அந்த மேசையில் அவன் பார்த்து சந்தோஷப்படுகிற பொருள் அது ஒன்று. பார்க்க நன்றாக இருப்பதும் ஒரு பயன். அதற்கும் ஒரு விலை கொடுக்கலாம், அந்த விலை என்ன என்று தெரிந்து கொடுத்தால் சரி. அக்கா 6,000 ரூபாய் வரை சம்மதித்தாள். நிபந்தனை ஒன்று: “ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க இடம் இருக்கணும்.” சிரிக்காதீர்கள், இது நிஜமான தொழில்நுட்பப் பிரச்சினை. காற்று போக முன்பக்கம் மெஷ் என்ற ஓட்டை வலை வைத்த கேபினெட்டில் சந்தனத்தை அப்பினால் ஓட்டை அடைந்துபோகும்.

கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் அளவு குறித்துக்கொண்டேன். மதர்போர்டு ஏடிஎக்ஸ் என்ற அளவு, 305க்கு 244 மி.மீ. கார்டு 242 மி.மீ. நீளம், ஆனால் நாளைக்கு மூன்று ஃபேன் கார்டு வாங்குவான், அதற்கு 330 என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் கூலரின் உயரம் 155. மேசையில் கேபினெட் வைக்கும் இடத்தின் உயரம் 480. இந்தக் கடைசி எண்ணைத்தான் பலரும் அளக்க மாட்டார்கள். என் நண்பர் ஒருவர் ஆசையாகப் பெரிய கேபினெட் வாங்கி, மேசைத் தட்டை அறுத்துத்தான் உள்ளே வைத்தார்.

பையன் கனவு கண்டது மீன் தொட்டி ரகம். முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடி, இரண்டும் மூலையில் சேரும். லியான் லி நிறுவனம் 2018இல் ஓ11 டைனமிக் கொண்டுவந்த பிறகு இந்தப் போக்கு பரவியது. அதில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மதர்போர்டுக்குப் பின்னால் இன்னொரு அறைக்குத் தள்ளிவிட்டு, காற்றைப் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் இழுக்கிறார்கள். அது கெட்ட வடிவமே இல்லை. முன்னால் மட்டும் கண்ணாடியை ஒட்டி, இடுக்கு வழியாக மூச்சு விடச் சொல்லும் மலிவு ரகத்தோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த ரகத்தில் பெரும்பாலும் ஃபேன் வராது. பக்கத்துக்கு மூன்று, கீழே மூன்று, பின்னால் ஒன்று என்று ஏழு ஃபேனைத் தனியாக வாங்கினால் கேபினெட் விலை இன்னொரு மடங்கு. போதாததற்குக் கீழிருந்து இழுக்கும் ஃபேன் நம் வீட்டுத் தரையில் இருக்கும் தூசியையெல்லாம் கூட்டிப் பெருக்கி உள்ளே அனுப்பும்.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ராக்டல் டிசைன் 2022இல் விட்ட நார்த். முன்பக்கம் வால்நட் மரச் சட்டங்கள், அவற்றின் இடைவெளியில் காற்று. பார்த்தால் பழைய வால்வு ரேடியோ ஞாபகம் வரும். எங்கள் பட்ஜெட்டுக்கு ரொம்பத் தூரம். பார்த்துவிட்டு மூடிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பெரும்பாலும் ஷட்டர் போட்டுவிடும் என்பதால் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனோம். உள்ளே நுழைந்து நரசிங்கபுரம் தெரு திரும்புவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கேபினெட் கடைகளில் ஒரு விஷயம் உண்டு, எல்லாப் பெட்டியும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், எதிலும் மதர்போர்டு இருக்காது. காலிப் பெட்டியில் எந்தக் கேபினெட்டும் அழகுதான். நான் பையனிடம் சொல்லி வைத்தேன்: லைட்டைப் பார்க்காதே, கையை வை.

கையை வைப்பதென்றால் நிஜமாகவே கை வைப்பதுதான். தகரப் பக்கத்தைக் கழற்றி இரண்டு மூலையைப் பிடித்து லேசாக முறுக்கினேன். ஒன்று அப்பளம் மாதிரி வளைந்து ‘டொய்ங்’ என்றது. அச்சக வேலைக்காக நான் வைத்திருக்கும் வெர்னியர் காலிபரில் தடிமனை அளந்தால் 0.45 மி.மீ. பக்கத்தில் இருந்தது 0.7. ஃபேன் சுற்றும்போது நள்ளிரவில் கர்ர் என்று அதிரப்போவது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து யுஎஸ்பி துளையில் பென் டிரைவைச் சொருகி ஆட்டிப் பார்த்தேன். ஒரு கேபினெட்டில் துளையே உள்ளே போனது. பிறகு ஸ்லாட் மூடிகள் உடைக்கும் ரகமா, ஸ்க்ரூ ரகமா. பல்லி விஷயத்தில் நான் இனி ரிஸ்க் எடுப்பதாக இல்லை.

முக்கியமான சோதனை செல்போன் டார்ச். முன்பக்க மெஷ்ஷைக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் மெஷ், பின்னால் பாதி இடம் பிளாஸ்டிக் சட்டம், மீதியில் ஸ்பாஞ்ச் என்று ஒன்று இருந்தது. வெளிச்சமே வராத இடத்தில் காற்று எங்கே வரும். இன்னொன்றில் டார்ச் பளீரென்று வந்தது, நடுவில் மெல்லிய நைலான் ஃபில்டர், அதையும் தனியாக உருவிக் கழுவலாம்.

கடைப் பையன் பொறுமைசாலி. “அண்ணா, இது டைப் சி போர்ட் இருக்கு, 700 ரூபா தான் அதிகம்” என்று ஒன்றைக் காட்டினான். முன்பக்க டைப் சி வேலை செய்ய மதர்போர்டில் அதன் வயரைச் சொருக அதற்கென்று தனி ஹெட்டர் வேண்டும். எங்கள் போர்டில் அது கிடையாது. 700 ரூபாய்க்கு ஒரு பொம்மைத் துளை எதற்கு.

கடைசியில் களத்தில் மூன்று நின்றன. மீன் தொட்டி 7,400, ஃபேன் இல்லாமல். முன்னால் மெஷ், பக்கத்தில் கண்ணாடி, நாலு ஃபேனோடு ஒன்று 5,900. அதே மாதிரி ஆனால் தடிமனான தகரம், மேலே கழற்றக்கூடிய ஃபில்டர், நல்ல ஃபேன்களோடு பெரிய பிராண்டு ஒன்று 8,800. மூன்றாவதைத் தூக்கிப் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது. காசு இருந்தால் அதுதான். பையன் மீன் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் கால்குலேட்டரை அவன் கையில் கொடுத்தேன். ஏழு ஃபேன் கணக்கு போட்டுவிட்டு, பெருமூச்சோடு இரண்டாவதன் பக்கம் வந்தான். “லைட்டாவது நல்லா வருமா?” என்று கேட்டான். வந்தது. முன்னால் மெஷ்ஷின் வழியாக மங்கலாக, திரைச்சீலைக்குப் பின்னால் எரியும் சீரியல் செட் மாதிரி. அவனுக்கே அது கண்ணாடியைவிடப் பிடித்துவிட்டது.

பேரம் பேசி, 18 சதவீத ஜிஎஸ்டி உள்பட பில்லோடு 5,600. பிராண்டு பெயர் சொல்லிப் பயனில்லை. அதே அச்சில் வார்த்த கேபினெட்டை வேறு ஸ்டிக்கரோடு மூன்று கடை தள்ளியும் பார்த்தேன். வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பையன் பின்னால் உட்கார்ந்தான். கொளத்தூர் வரும்வரை அவன் முகம் யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டில் முதல் வேலையாகத் தரையில் பாய் விரிக்கச் சொன்னேன். டைல்ஸ் தரையில் டெம்பர்டு கிளாஸைச் செங்குத்தாக வைப்பதைப்போல் முட்டாள்தனம் வேறில்லை. நடுவில் தட்டினால் தாங்கும் கண்ணாடி, ஓரத்தில் டைல்ஸின் ஒரு சின்ன மேடு பட்டால் அப்படியே பொலபொலவென்று கற்கண்டாகிவிடும். கண்ணாடியைக் கட்டிலின் மேல் படுக்க வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே எடுத்தேன்.

மதர்போர்டை வைக்கும் முன் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். போர்டில் ஸ்க்ரூ ஓட்டை 9. கேபினெட்டில் முன்கூட்டியே திருகி வந்த, போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் (ஸ்டாண்ட்ஆஃப்) 10. அந்தப் பத்தாவது, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய போர்டுக்கான இடத்தில் நின்றது. அதன் மேல் எங்கள் போர்டை வைத்திருந்தால் ஓட்டையே இல்லாத இடத்தில், சாலிடர் முனைகளின் மேல் பித்தளை உரசியிருக்கும். ஒரு உலோகத் துண்டு தப்பான இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறிய கேபினெட்டில், கிராஃபிக்ஸ் கார்டைப் போர்டோடு இணைக்கும் ரைசர் கார்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது என்று 2021இல் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பத்தாவதை இடுக்கியால் திருகி எடுத்து, உதிரி ஸ்க்ரூ பாக்கெட்டில் போட்டேன்.

பிராசஸருக்கான 8 பின் கேபிளில் அரைமணி நேரம் போனது. எஸ்.எம்.பி.எஸ். கீழே, சொருகும் இடம் மேலே இடது மூலையில். போர்டின் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனால் இரண்டு விரல்கடை எட்டவில்லை. நேராக போர்டின் மேல் போட்டால் எட்டும், ஆனால் கண்ணாடி வழியே நடுநெற்றியில் தெரியும். பையன் முகத்தைப் பார்த்துவிட்டு எக்ஸ்டென்ஷன் கேபிள் ஆர்டர் செய்தோம், 250 ரூபாய், இரண்டு நாள். அது வரும்வரை நடுநெற்றிதான்.

அந்த இரண்டு நாளில் விளக்கு வயரை அவனே சொருகப் பார்த்திருக்கிறான், நல்ல வேளையாகப் போட்டோ அனுப்பிக் கேட்டான். இந்த ஃபேன்களின் ஏஆர்ஜிபி வயர் 5 வோல்ட், மூன்று பின். போர்டில் பக்கத்திலேயே 12 வோல்ட் ஆர்ஜிபிக்கு நாலு பின் இருக்கிறது. மூன்று துளைக் கனெக்டர் அதிலும் அழுத்தினால் ஏறிவிடும். ஏறினால் அத்தனை எல்இடியும் ஒரே நொடியில் காலி. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். தெரியும், அவ்வளவுதான் என்றேன்.

எல்லாம் முடிந்து அதே கேம், அதே அரைமணி, அறை அதே 33 டிகிரி. கார்டு 74, பிராசஸர் 75.

பையன் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “மாமா, முன்னாடி கண்ணாடியைக் கழட்டினப்பவே 75 தானே வந்துச்சு. ஒரு டிகிரிக்கா 5,600 ரூபா?”

பதில் சொல்லத் திணறித்தான் போனேன். கணக்கு அப்படித்தான். ஆனால் இரண்டு விஷயம் அந்த எண்ணில் இல்லை. ஃபேன்கள் இப்போது போர்டின் கட்டுப்பாட்டில், நிமிஷத்துக்கு 900 சுற்றில் ஓடுகின்றன, கார்டு ஃபேன் எழுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. இரவில் கதவைச் சாத்தினால் அக்காவுக்குச் சத்தமே கேட்பதில்லை. இன்னொன்று தூசி. முன்னால் மூன்று ஃபேன் உள்ளே தள்ளுகின்றன, பின்னால் ஒன்றுதான் வெளியே இழுக்கிறது. அதனால் உள்ளே காற்று கொஞ்சம் மிகுதியாகவே நிற்கும், இடுக்குகள் வழியாக வெளியே கசியும், உள்ளே வரும் காற்றில் பெரும்பங்கு ஃபில்டர் வழியாகத்தான். மாசத்துக்கு ஒருமுறை அதை உருவிக் குழாயில் காட்டி, நன்றாகக் காயவைத்து மாட்டுகிறான்.

நான் எதிர்பார்க்காத ஒரு கூத்து மூன்றாம் நாள் நடந்தது. “தம்பி, அதைத் துடைச்சா கையில விர்ருனு இழுக்குது” என்றாள் அக்கா. கேபினெட்டில் குறையோ என்று பதறிப் போனேன். மல்டிமீட்டரை வைத்தால் கேபினெட் உடம்புக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 110 வோல்ட் போலக் காட்டியது. மின் இரைச்சலை வடிகட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் சிறிய கெபாசிட்டர்கள் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் மெயின்ஸில் பாதி வோல்டேஜ் தகரத்தில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, கையில் சுரீரென்பதோடு சரி. பையன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் போட்டிருந்தான். ஒரு வருஷமாக இது இருந்திருக்கிறது. பழைய கேபினெட்டில் கை படுகிற இடமெல்லாம் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதியதன் முகமே உலோக வலை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மூன்று பின் பாயின்ட்டை மேசையின் வலது பக்கம் எர்த் வயரோடு இழுக்கச் சொன்னோம். 850 ரூபாய். இப்போது மீட்டர் ஒரு வோல்ட்டைக்கூடத் தொடுவதில்லை.

பாயின்ட் வலது பக்கம் வந்ததால் கேபினெட்டும் வலது பக்கம் வந்தது. கண்ணாடி முதன்முறையாக அவனைப் பார்த்து நிற்கிறது. அக்டோபரில் ஆயுத பூஜைக்குப் போயிருந்தபோது பார்த்தேன். மெஷ்ஷை விட்டுவிட்டு, பக்கக் கண்ணாடியின் மேல் மூலையில், கார்டுக்கு நேராக அக்கா பொட்டு வைத்திருந்தாள்.

பழைய கேபினெட் என் வீட்டில் இருக்கிறது, கொசுவலையோடு. உள்ளே ஒரு பழைய போர்டு, இரண்டு ஹார்டுடிஸ்க், வீட்டுப் போட்டோக்கள். உடைந்த ஸ்லாட் ஓட்டைக்கு அலுமினியம் டேப் ஒட்டியிருக்கிறேன்.